கல்லுக்கு அந்தப் பக்கம்

இந்தக் காலத்து ஜனங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் எனக்குப் பேனா நகராது. ரோட்டில் ஒருத்தன் அடிபட்டுக் கிடந்தால், முதலில் வருகிறவன் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறான். அடுத்து வருகிறவன் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ஏரியா இல்லப்பா" என்று வண்டியை முறுக்குகிறான். யாராவது மனசு வந்து ஆம்புலன்சைக் கூப்பிட்டால், அங்கே உட்கார்ந்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஸ்டேஷன் லிமிட் சார்?" உயிர் போகிறவனுக்கு லிமிட் தெரியுமா? ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. கேள்வி கேட்க மட்டும் வரிசையில் நிற்கிறார்கள்.

பெரிய ஊரில் இப்படி. எந்த ஊரிலும் சேராத இடத்தில் எப்படி என்று லாரிக்காரருக்கு அன்றைக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

லாரிக்காரர் என்பது பழக்கத்தில் வருகிற பேச்சு. லாரியை விற்று எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஸ்டியரிங் பிடித்த தோள் மட்டும் இன்னமும் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். மனுஷர் யாரையும் நம்ப மாட்டார். கடையில் வாங்கிய சீனியை வீட்டுக்கு வந்து மறுபடி எடை போடுகிற ரகம். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "ராப்பூரா காட்டு ரோட்டுல ஓட்டினவன்யா நான். எனக்கு எதிர்க்க வந்ததெல்லாம் மனுஷங்கதான். அதுவே போதும்" என்று வாயை அடைத்துவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு மகள் போன் செய்திருந்தாள். "அப்பா, என்னை வந்து கூட்டிட்டுப் போங்க. நீங்கதான் வரணும். வேற யாரையும் அனுப்பாதீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். மாப்பிள்ளை கை நீட்டுகிறான் என்று இவர் முடிவு கட்டிக்கொண்டார். ஒரு சட்டையை மாட்டி, தேய்ந்த ரப்பர் செருப்பைக் காலில் நுழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

"இங்க ஸ்டாப் கிடையாது பெரியவரே" என்றார் கண்டக்டர்.

"என் மக வீடு இங்கதான்யா இருக்கு."

"வீடு இருக்கும். ஊரு இருக்கணுமில்ல? இது ரெண்டு டவுனுக்கும் நடுவுல கிடக்கு. எந்தக் கணக்குலயும் வராது." மழை தூற ஆரம்பித்திருந்தது. கண்டக்டர் என்ன நினைத்தாரோ, விசில் கொடுத்தார். "இறங்குங்க. திரும்பி வரும்போது எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், தார் ஆரம்பிக்கிற இடத்துல நின்னு கை காட்டுங்க. இந்தச் சேத்துல டிரைவர் நிறுத்த மாட்டாரு. கடைசி பஸ்ஸு, மறந்துடாதீங்க."

கிழக்கே இருக்கிற டவுன்காரர்கள் தங்கள் எல்லை வரைக்கும் தார் போட்டு நிறுத்தியிருந்தார்கள். மேற்கே இருக்கிறவர்களும் அப்படியே. நடுவில் விட்ட துண்டு வெறும் சேறு. அந்தச் சேற்றின் இரண்டு ஓரத்திலும் பத்துப் பதினைந்து வீடு, ஒரு டீக்கடை, பூட்டிப்போன மாவு மில், மாப்பிள்ளையின் பஞ்சர் கடை. விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது. குப்பை அள்ள யாரும் வருவதில்லை போலிருக்கிறது, வீட்டுக்கு வீடு வாசலில் சாம்பல் மேடு. சேற்றின் நடுவில், முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்த ஒரு கல்.

அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷன் லிமிட். இந்தப் பக்கம் வேறு ஸ்டேஷன்.

டீக்கடை முன்னால் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. செத்த நாய் ஒன்றின் முகத்தில் சாக்கைப் போட்டு, காலில் கயிறு கட்டி, டீக்கடைக்காரர் கல்லைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனார். போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நாய்க்கு எதுக்குய்யா மூஞ்சிய மூடுறீங்க?" என்றார் லாரிக்காரர்.

"மூஞ்சியப் பார்த்தா யாரு வீட்டு நாய்னு தெரிஞ்சிடும். தெரிஞ்சா குழி தோண்டணும். தெரியலைன்னா அந்தப் பக்கம் போட்டா போதும்." டீக்கடைக்காரர் சிரித்தார். நல்ல பல்வரிசை.

"அந்தப் பக்கத்துக்காரங்க சும்மா இருப்பாங்களா?"

"எப்படி இருப்பாங்க? இருட்டினதும் தூக்கி இங்க போடுவாங்க. நாங்க மறுபடி அங்க போடுவோம். எந்தப் பக்கத்துல விடியுதோ, அந்தப் பக்கத்துக்குத் தலைவலி. டீ குடிக்கிறீங்களா?"

லாரிக்காரருக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பாழும் சிரிப்போடுதான் மகள் வீட்டுக்குள் போனார்.

*

பஞ்சர் கடைக்குப் பின்னால் ஒட்டுப்போட்ட மாதிரி இரண்டு அறை. உள்ளே நுழைந்ததுமே ஈரச் சாக்கு நாற்றம் மூக்கில் ஏறியது. அவர் சாக்கு எங்கே என்று சுற்றிப் பார்த்தார். வீட்டில் சாக்கே இல்லை.

மகள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முன்வாசலில் மாப்பிள்ளை தண்ணீர்ச் சட்டியில் டியூபை அமுக்கி, குமிழ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"என்னம்மா கால்ல துணி?"

அவள் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். இரண்டு குதிகாலிலும் தோல் இல்லை. கொப்புளம் உடைந்த மாதிரியல்ல. சிமெண்டுத் தரையில் தேய்த்து எடுத்த மாதிரி. சிவப்பாக, மணல் ஒட்டிக்கொண்டு.

லாரிக்காரர் வாசலைப் பார்த்துக் கத்தினார். "டேய்! எங்க வீட்டுல தரையில விடாம வளர்த்த காலுடா இது!"

"நான் இழுக்கலை மாமா."

"இழுத்ததா நான் சொல்லவே இல்லையே. நீயா எப்படிச் சொன்னே?"

"அவரு இல்லப்பா" என்றாள் மகள். "உக்காருங்க. சத்தம் போடாம கேளுங்க. இருட்டறதுக்குள்ள சொல்லிடணும்."

போன மழைக்காலத்தில் நடந்தது. சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்கிற ஒரு ஆள். ஒரு லாரி தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது.

"நின்னா மாட்டிக்குவான்" என்றார் லாரிக்காரர், தன்னை அறியாமல்.

மகள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

அந்த ஆளுக்கு இரண்டு காலும் நசுங்கிவிட்டது. விழுந்தது கல்லுக்கு இந்தப் பக்கம். ஸ்டேஷன், சாட்சி, கோர்ட்டு என்று யார் அலைவது? டீக்கடைக்காரரும் இவள் புருஷனும் இன்னும் சிலரும் சேர்ந்து, வழக்கம்போல முகத்தில் சாக்கைப் போட்டு, அந்தப் பக்கம் இழுத்துப் போட்டார்கள். இருட்டியதும் அந்தப் பக்கத்துக்காரர்கள் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டார்கள். இவர்கள் மறுபடியும். அவர்கள் மறுபடியும்.

"உயிரோடவா?"

"உயிரோடதான்ப்பா. ஒரு தடவைகூடக் கத்தலை. இழுக்கிறப்ப மட்டும், 'மெதுவாங்க'ன்னாரு. அவ்வளவுதான். மரியாதையா. பஸ்ல கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னு கேப்பாங்கல்ல, அந்த மாதிரி. நான் தண்ணிச் செம்பை எடுத்துக்கிட்டு ஓடினேன். இவரு கதவைச் சாத்திட்டாரு."

"அப்புறம்?"

"ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தாங்க. கல்லு மேலயே உயிர் போயிடுச்சு."

அதற்குப் பிறகுதான் இது ஆரம்பித்தது. வெளிச்சம் மங்கினால் ஈரச் சாக்கு நாற்றம் வரும். தரையில் எதையோ இழுக்கிற சத்தம் வரும். அவள் மாமியார் ஒருநாள் சாயங்காலம் கட்டிலில் படுத்தவள், விடிந்தபோது கல்லுக்கு அந்தப் பக்கம் கிடந்தாள். முகத்தில் சாக்கு. குதிகாலில் எலும்பு தெரிந்தது. உயிர் இல்லை. இப்போது மகளின் முறை. படுத்த இடத்தில் எழுந்திருப்பதில்லை. சில நாள் வாசலில், சில நாள் கல்லுக்குப் பக்கத்தில்.

"வீட்டைக் காலி பண்ணிட்டு வர வேண்டியதுதானே?"

"இவரு பைக்குல ஏத்திக்கிட்டுப் போனாரு. கல்லுகிட்ட போனதும் என்னைப் பின்னால பிடிச்சு இழுத்துடுச்சு. அந்த ஆளு மேல கை வச்சவங்க யாரும் இங்கருந்து யாரையும் கூட்டிட்டுப் போக முடியாதுப்பா. இங்க எல்லாருமே கை வச்சவங்க. கை வைக்காதவங்க என் கையைப் பிடிச்சா நான் தாண்டிடுவேன். அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?"

"அவருதான்."

"மாப்பிள்ளையா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். கட்டிலுக்கு அடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காலை மேலே இழுத்துக்கொண்டாள்.

லாரிக்காரர் குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. தரை மட்டும் ஈரமாக இருந்தது.

"வழியில எது கிடந்தாலும் சரி, யாரு கூப்பிட்டாலும் சரி, நீங்க கை வைக்காதீங்கப்பா. இழுக்க மட்டும் இழுத்துடாதீங்க. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

"சரி, சரி. பையை எடு."

சத்தியம் செய்யவில்லை. புருஷன்காரன் அடித்து மிரட்டி, பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது, வீட்டுக்குப் போய் நல்ல டாக்டராகப் பார்க்கலாம் என்று அவர் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

"நான் முன்னால போய் பஸ்ஸை நிறுத்தறேன். நீ பின்னாலயே வா."

"வேணாம்ப்பா! சேர்ந்தே போவோம். கையைப் பிடிச்சுக்குங்க."

"உன் காலுக்கு நீ வந்து சேர்றதுக்குள்ள பஸ்ஸு போயிடும். அப்புறம் விடிய விடிய இவன் மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். கல்லு வரைக்கும் சுவத்தைப் பிடிச்சு நடந்து வா, அங்க நான் பிடிச்சுக்கறேன்."

அவள் கட்டிலைப் பிடித்து எழுந்து, பையைத் தோளில் மாட்டுவதை அவர் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் படி இறங்கினார்.

மாப்பிள்ளை அப்போதுதான் தலை நிமிர்ந்தான். "கூட்டிட்டுப் போயிடுங்க மாமா. எப்படியாவது போயிட்டா எனக்கும் நிம்மதி."

"வந்து உன்னைக் கவனிச்சுக்கறேன்" என்றார் லாரிக்காரர்.

*

மழை வலுத்திருந்தது. பொழுது இன்னும் சாயவில்லை, ஆனால் மேகம் வெளிச்சத்தை நசுக்கிவிட்டது. சேறு ரப்பர் செருப்பைக் கவ்விக் கவ்வி விட்டது.

கல்லுக்குப் பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தார்கள். முகம் தெரியவில்லை. அவர்கள் காலடியில், சேற்றில், சாக்கு மூடி ஏதோ ஒன்று கிடந்தது.

"பெரியவரே, ஒரு கை குடுங்க."

அவர் நின்றார்.

"இது கிடந்தா டிரைவரு வர மாட்டாரு. தூரத்துலயே பார்த்துட்டு வண்டியைத் திருப்பிடுவாரு. ஒரு கை."

மகள் சொன்னது காதில் ஓடியது. அவர் திரும்பிப் பார்த்தார். மழையில் வீடு தெரியவில்லை. அந்தப் பக்கம், தார் ரோட்டில், பஸ்ஸின் இரண்டு விளக்கும் மஞ்சளாக வளர்ந்துகொண்டே வந்தன.

நாய்தான், அல்லது கன்றுக்குட்டி என்று சொல்லிக்கொண்டார். இருக்கிற பைத்தியம் பத்தாது என்று நானும் பைத்தியமாகணுமா?

குனிந்து சாக்குக்கு அடியில் கையை விட்டார்.

கணுக்கால்.

மெலிந்த கணுக்கால். சூடாக இருந்தது.

லாரி ஓட்டிய காலத்தில் எத்தனையோ சாயங்காலம் சக்கரத்துக்கு அடியில் ஏதோ 'தடக்' என்று ஏறி இறங்கியிருக்கிறது. கண்ணாடியில் பார்க்காமல் கியரை மாற்றிப் பழகிய கை அது. அந்தக் கை விடவில்லை. இறுகப் பிடித்தது. இழுத்தது.

"மெதுவாங்க."

ஆண் குரலா, பெண் குரலா, மழையில் தெரியவில்லை.

ஒரே மூச்சில் கல்லைத் தாண்டி இழுத்துப் போட்டார். நிமிர்ந்து மூச்சு வாங்கினார். பக்கத்தில் ஆட்கள் யாரும் இல்லை. பஸ் வந்து நின்றது.

"ஏறுங்க பெரியவரே!" அதே கண்டக்டர்.

"பொறுய்யா. என் மக வருது."

"எங்க வருது?"

அவர் காட்டிய திசையில் மழை மட்டும்தான் இருந்தது. டிரைவர் ஹாரனை அமுக்கிப் பிடித்தார். கண்டக்டர் சேற்றையும் கல்லையும் ஒரு முறை பார்த்தார். அவர் முகம் மாறியது. விசிலை மட்டும் ஊதினார். பஸ் அவசரமாகச் சேற்றைக் கடந்து, மறுபக்கத் தாரில் ஏறி, போயே போய்விட்டது.

இழுத்துப் போட்ட இடத்தில் சாக்கு தரையோடு தரையாகக் கிடந்தது. அடியில் ஒன்றும் இல்லை.

*

வீட்டுக்கு ஓடினார். கோபத்தில்தான் ஓடினார் என்று வைத்துக்கொள்வோம்.

மகள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். பை தோளிலேயே இருந்தது. தலை முதல் கால் வரை சேறு. முடியில் சாக்கு நார் ஒட்டியிருந்தது. குதிகாலிலிருந்து ரத்தம் தரையில் மெல்லக் கோடு போட்டது.

"மெதுவா இழுங்கன்னு சொன்னேனேப்பா" என்றாள்.

அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"இவ எங்கடா போனா?" என்று மாப்பிள்ளையைப் பிடித்து உலுக்கினார்.

"எங்கயும் போகலை மாமா. நீங்க படி இறங்கினதும் அப்படியே உக்காந்துட்டா. எந்திரிக்கவே இல்லை. சேறு... அது தானா வந்துச்சு." அவன் மாமனாரின் கையைப் பார்த்தான். "யாரையாவது இழுத்தீங்களா மாமா?"

லாரிக்காரர் விடுவிடுவென்று டீக்கடைக்குப் போனார். பலகைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினார்.

"யாருய்யா என்னைக் கூப்பிட்டது? கல்லுகிட்ட நின்னது யாரு?"

உள்ளே இருந்து டீக்கடைக்காரரின் குரல் வந்தது. சிரிப்பு இல்லாத குரல். "இந்த மழையில கல்லுகிட்ட யாரும் நிக்க மாட்டோம் பெரியவரே. மனுஷனை இழுக்கிறதைப் போன மழையோட விட்டாச்சு. இப்ப நாயோட சரி. நீங்க கை வச்சுட்டீங்களா?"

கதவு திறக்கவில்லை.

கூட்டுச் சேர்ந்து நாடகம் ஆடுகிறான்கள் என்று நினைத்தார் லாரிக்காரர். மாப்பிள்ளையும் இவனும் ஒரே கும்பல். பெண்ணைப் பயமுறுத்தி அடைத்து வைத்திருக்கிறான்கள். என் காதிலும் பூ சுற்றப் பார்க்கிறான்கள்.

திரும்ப வந்தார். மகளின் கையைப் பிடித்துத் தூக்கினார். "நட. அடுத்த டவுன் வரைக்கும் நடந்தே போயிடலாம்."

"முடியாதுப்பா. நீங்க இழுத்துட்டீங்க."

"நடன்னா நட!"

அவள் நடந்தாள். கல் வரைக்கும் நொண்டி நொண்டி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயசில் நடந்த மாதிரியே நடந்தாள். அவர் கல்லைத் தாண்டினார். அவள் கை அவர் கையில் இருந்தது.

அவள் கால் தாண்டவில்லை.

அவர் இழுத்தார். அவள் பின்னால் சாய்ந்தாள். யாரோ அவள் காலைப் பிடித்திருக்கிற மாதிரி, இரண்டு குதிகாலும் சேற்றில் கோடு போட்டபடி பின்னால் போயின. அவர் இன்னும் பலமாக இழுத்தார். அவள் தோளில் 'மளுக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"மெதுவாப்பா..."

அழவில்லை. கத்தவில்லை. அந்தத் துணிக்காரர் சொன்ன மாதிரியேதான் சொன்னாள்.

அந்த மரியாதைதான் அவருக்குப் பொறுக்கவில்லை. இவள் காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள் என்று தோன்றியது. வர மனசில்லாதவளை யார் என்ன செய்ய முடியும்?

"வர இஷ்டமில்லைன்னா நேரா சொல்லித் தொலைய வேண்டியதுதானே! எதுக்கு இந்தக் கூத்து? எதுக்கு என்னை வரவழைச்சே?"

அவள் அவரையே பார்த்தாள். "பஸ்ஸு போயிடும்னுதானேப்பா இழுத்தீங்க" என்றாள்.

அவர் கையை விட்டுவிட்டார்.

அவள் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு சேற்றில் எதையோ இழுத்துக்கொண்டு போகிற சத்தம். அவசரமில்லாமல், நின்று நின்று போகிற சத்தம். மாப்பிள்ளைதான் வந்து இழுத்துக்கொண்டு போகிறான் என்று லாரிக்காரர் முடிவு செய்தார். திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டியவர், திரும்பிப் பார்க்கவில்லை.

தார் ரோட்டில் நடந்தார். பின்னால் கொஞ்ச தூரம் வரைக்கும் ஈரச் சாக்கு நாற்றம் வந்தது. மழை நாற்றம் என்று சொல்லிக்கொண்டார். நாளைக்குப் போலீசோடு வந்து எல்லாரையும் உள்ளே தள்ளுகிறேன் என்றும் சொல்லிக்கொண்டார். எந்த ஸ்டேஷனில் போய்ச் சொல்வது என்று மட்டும் பிடிபடவில்லை.

டவுனின் முதல் விளக்குக் கம்பம் வந்தது. அதற்கு அடியில் நின்றபோதுதான் கால் எரிவது தெரிந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். குதிகாலில் தோல் வழன்று, மணல் ஒட்டிக்கொண்டு, சிவப்பாக இருந்தது. அடுத்த காலைத் தூக்கினார். அதுவும்.

"செருப்புக் கடி" என்றார் சத்தமாக. பக்கத்தில் யாருமில்லை. "பாழாப்போன செருப்பு."

அவர் போட்டிருந்தது வெறும் ரப்பர் செருப்பு. கட்டைவிரல் இடுக்கில் ஒரு வார். குதிகால் பக்கம் கடிக்க அதில் ஒன்றுமே கிடையாது.

"செருப்புக் கடிதான்" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே நடந்தார்.

"மெதுவாங்க" என்றது பின்னால் ஒரு குரல், ரொம்ப மரியாதையாக.

அவர் நடையைக் கூட்டினார்.